காப்பகத்தில் சேர்த்த பிறகு: ஞாயிறு சந்திப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். மறதி நோய் முற்றிய பெற்றோரையோ துணையையோ காப்பகத்தில் சேர்த்தவர்கள், வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு வண்டியூர் தெப்பக்குளக் கரையில் கூடுகிறோம். “அதுதான் சேர்த்தாயிற்றே, இனி என்ன கவலை?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு, ஆனால் வாசற்கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க இன்னமும் நள்ளிரவில் விழித்துக்கொள்பவர்களுக்குத்தான், பராமரிப்பு முடியவில்லை, இடம் மட்டுமே மாறியிருக்கிறது என்பது தெரியும்.

பார்க்கச் செல்பவர்கள் அந்தி வேளையைத் தவிர்ப்பது நல்லது. இந்நோயில் பலருக்கும் பதற்றமும் குழப்பமும் மாலையில்தான் கூடும். “நான் யார், தெரிகிறதா?” என்று சோதிக்காமல், பெயரையும் உறவையும் நாமே சொல்லிவிடலாம். என் அம்மாவுக்கு என் பெயர் நினைவில் இல்லை. ஆனாலும் உதிரி மல்லிகையும் நாரும் மடியில் வைத்தால், விரல்கள் தாமாகவே கட்டத் தொடங்கிவிடுகின்றன. (கண்ணி மட்டும் முன்போல் நெருக்கமாக விழுவதில்லை.)

உங்களுக்கே உறக்கமும் பசியும் குறைந்திருந்தால், சந்திப்புவரை காத்திருக்காமல் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கவும். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். முதியோர் உதவி எண் 14567. வருகையைச் சனிக்கிழமை இரவுக்குள் இங்கே தெரிவிக்கவும். காப்பகங்களைப் பற்றிய குறைகளைக் குழுவில் எழுதாமல் நேரில் பேசிக்கொள்வோம்.