அறியப்படாத இசைக்குழுக்களுக்குக் கால் பத்தி இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் வாசித்து வருகிறேன். அதில் இசைக்கென ஒதுக்கப்படும் பக்கம் பெரும்பாலும் திரைப்படப் பாடல்களோடு தொடங்கி அவற்றோடே முடிந்துவிடுகிறது. திரையிசை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் குடும்பம் பிழைத்ததே அதனால்தான். ஆயினும், திரைப்படத்துக்கு வெளியே, பெரிய நிறுவனங்களின் துணையின்றி இயங்கும் இசைக்குழுக்களை வாசகர்களே ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொள்வதற்கு வாரந்தோறும் கால் பத்தி இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து பதினான்கு ஆண்டுகள் மார்த்தாண்டத்தில் கேசட் பதிவுக் கடை நடத்தினேன். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள், வானொலியும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டியையும் வெற்றுக் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்த காலம் அது. வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். நாங்கள் அந்த வரிசைப்படியே பதிவு செய்து கொடுப்போம். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கேட்ட பாடல்களை எல்லாம் போட்ட பின்னும் பக்கத்தின் கடைசியில் இரண்டு மூன்று நிமிட நாடா எப்படியும் மிஞ்சும். அதை வெறுமையாக விட மனம் வராமல், அந்த வாடிக்கையாளர் கேள்விப்பட்டே இருக்க முடியாத ஏதேனும் ஒரு குழுவின் பாட்டை அந்த மிச்சத்தில் போட்டுக் கொடுப்பேன்.

ஒருமுறை, கருங்கல் பக்கத்திலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவரின் கேசட்டில், கொச்சியைச் சேர்ந்த ‘13 ஏடி’ என்னும் ராக் குழுவின் பாட்டைப் போட்டேன். பாட்டு முழுவதும் அடங்கவில்லை. நடுவிலேயே நாடா தீர்ந்துவிட்டது. அடுத்த வாரமே அவர் கடைக்கு வந்து, “அண்ணே, கடைசியிலே ஒரு பாட்டு பாதியிலே நின்னு போச்சே, அதுக்க மிச்சம் எங்க?” என்று கேட்டார். 1990 இல் வெளியான அக்குழுவின் ‘கிரவுண்ட் ஜீரோ’ தொகுப்பு முழுவதையும் அன்றே பதிவு செய்து கொடுத்தேன். நம் பக்கத்துக் கொச்சியில் இருந்துகொண்டு இப்படி வாசிக்கிறார்களா என்று அவர் வியந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் பின்னர் பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டு, இன்றுவரை தமது ஆலயப் பாடகர் குழுவில் வாசித்து வருகிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேசட்டுகளில் நாங்கள் பதிவு செய்து விற்ற எந்தப் பாட்டுக்கும் அதைப் படைத்தவர்களுக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை. அக்காலத்தில் ஊருக்கு ஊர் நடந்த தொழில் என்றாலும், அது தவறுதான். இப்போது இப்படிக் கடிதம் எழுத என்னைத் தூண்டுவதில் அந்தக் கடனுக்கும் பங்கு உண்டு.

இன்று எல்லாப் பாட்டும் கைபேசியில் கிடைக்கும்போது பரிந்துரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கைபேசிச் செயலி நாம் நேற்று கேட்டதைப் போன்ற ஒன்றையே இன்றும் எடுத்து நீட்டுகிறது. கருங்கல் மாணவர் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தவை அத்தனையும் திரைப்பாடல்கள். அந்தத் தாளை மட்டும் பார்க்கும் எந்தக் கருவியும் அவருக்குக் கொச்சி ராக் குழுவைக் காட்டியிருக்காது. கிட்டார் ஒலிக்கும் இடங்களில் அவருடைய விரல்கள் மேசையில் தாளம் போட்டதை நான் நேரில் கண்டதால்தான் எனக்கு அது தோன்றியது. மேலும், ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு உரிமத் தொகை கொடுப்பதில்லை என்று விதி வகுத்திருக்கிறது. சிறு குழு ஒன்றின் பாட்டு எண்ணூறு முறை கேட்கப்பட்டால் அக்குழுவுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. நம் மாவட்டத்தில் மேலும் ஓர் இருநூறு பேர் ஒரு முறை கேட்டாலே அந்தப் பாட்டு அந்த வரம்பை எட்டிவிடும் என்று எண்ணிப் பார்த்தால், கால் பத்தியின் மதிப்பு விளங்கும். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் தொகுப்பை விலைக்கு வாங்குவது இன்னும் நல்லது. அங்கே தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு, இணையவழி இசை விற்பனையில் 15 விழுக்காடு மட்டுமே.

எத்தகைய பரிந்துரைகளை மனத்தில் வைத்து இதைக் கேட்கிறேன் என்பதற்குச் சில குழுக்களைக் குறிப்பிடுகிறேன். விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் மலையாளம் புரியாதவர் குறைவு. அவர்கள் 2008 இல் வெளியான ‘அவியல்’ குழுவின் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் பாடினால்தான் ராக் என்று கேரளத்துக் குழுக்கள் பல எண்ணியிருந்த நிலையில், நாட்டுப்புறச் சொற்களை எடுத்துக்கொண்டு மலையாளத்திலேயே பாடியவர்கள் அவர்கள். அதே ஆண்டில் வெளியான ‘மதர்ஜேன்’ குழுவின் ‘மக்தூப்’ தொகுப்பைக் கர்நாடக இசை பயின்றவர்களுக்குச் சொல்வேன். அத்தொகுப்பில் பைஜு தர்மஜன் மின்கிட்டாரில் கமகங்களை இழுக்கும் விதம் அவர்களுக்குப் பழக்கமான வீட்டின் வேறொரு வாசலைத் திறந்து காட்டும். தமிழில், கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்து நடத்திய ‘குரங்கன்’ குழுவைச் சொற்களுக்காகவே கேட்க வேண்டும். 2018 சனவரியில் சென்னையில் முதல் மேடை கண்ட ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இங்கே நிறைய உண்டு; கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் மோதிக்கொள்ளாமல் நிற்பதை அமர்ந்து முழுதாகக் கேட்டவர்கள் அவ்வளவு இல்லை என்றே என் அனுபவம் சொல்கிறது.

இவற்றுள் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ‘ருத்ரா’. 1992 இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட இக்குழு, டெத் மெட்டல் எனப்படும் மிகக் கடுமையான இசையோடு வேத, உபநிடத வாசகங்களைச் சேர்த்துப் பாடுகிறது. தொண்டையின் அடியிலிருந்து உறுமும் அந்தக் குரலை முதன்முறை கேட்பவர்கள் இரைச்சல் என்று ஒதுக்கிவிடக்கூடும். கோவில் கொடைவிழா இரவுகளில் நள்ளிரவு தாண்டி சாமி வந்து ஆடுவோரின் குரலைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அவ்வளவு அந்நியமாக இராது. 2005 இல் வந்த ‘பிரம்மவித்யா’ வரிசையின் முதல் தொகுப்பை எடுத்துக்கொண்டு, முதல் முறை மேளத்தை மட்டும் கவனித்தும், இரண்டாம் முறை சொற்களைக் கவனித்தும் கேட்கும்படி வேண்டுகிறேன். இரண்டு முறைக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

வெளியூர்க் குழுக்களைச் சொல்லிக்கொண்டே போனால் நம் மாவட்டத்துக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டுக் குழுக்களைவிடக் குறைவாகக் கேட்கப்படும் இசைக்குழுக்கள் வேறெங்கே இருக்கின்றன? ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லை நகரத்து மேடைகளுக்குக் கொண்டுபோனார்; ஆயினும் கோவில் கொடையில் இரவு முழுதும் நீலி கதையோ முத்துப்பட்டன் கதையோ பாடும் குழுவை அந்த ஊரைத் தாண்டி அறிந்தவர்கள் சிலரே. ராக் குழுவில் பேஸ் கிட்டார் செய்யும் வேலையை இங்கே குடம் செய்கிறது. உடுக்கு விரைந்து ஓடும்போதும் கதையின் கால் தரையிலேயே நிற்பது அந்தக் குடத்தால்தான். இதைச் சொல்லிக் கொடுத்தால் ராக் கேட்கும் இளைஞர் வில்லையும் கேட்பார், நான் கண்ட உண்மை இது. மைக்செட்டுக்காரர்களும் ஊர் இளைஞர்களும் இணையத்தில் ஏற்றிய கொடைப் பதிவுகள் இப்போது நிறையவே கிடைக்கின்றன. ஆனால் நான் பார்த்தவற்றில் பலவற்றில் கோவிலின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன, பாடியவரின் பெயர் இல்லை. உடுக்கும் குடமும் வாசித்தவர்களின் பெயர் அறவே இல்லை. தங்கள் பத்தியில் வில்லுக் குழுவைப் பரிந்துரைக்கும் வாசகர், அவர்களது ஒப்புதலோடு குழுவினர் ஒவ்வொருவரின் பெயரையும் எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தால், பிற இதழ்கள் செய்யாத ஒரு பணியைத் தங்கள் நாளிதழ் செய்ததாகும்.

பத்தி பயனுள்ளதாக அமைய இன்னும் இரண்டு விதிகள் போதும் என்று கருதுகிறேன். தம்முடைய குழுவையோ உறவினரின் குழுவையோ யாரும் பரிந்துரைக்கக் கூடாது. வெறும் புகழ்ச்சி எழுதாமல், எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்குவது, அதில் எதைக் கவனிப்பது என்பதைச் சொல்ல வேண்டும். பெயர் வைக்கும் உரிமை தங்களுடையது. எனினும் ‘மிச்ச நாடா’ என்று வைத்தால் மிகவும் மகிழ்வேன்.

இடம் ஒதுக்கப்படுமாயின், முதல் நான்கு வாரங்களுக்கான பரிந்துரைகளை ஒவ்வொன்றும் எண்பது சொற்களுக்கு மிகாமல் எழுதி இம்மாத இறுதிக்குள் அனுப்பி வைக்கிறேன். ஐந்தாவது வாரத்தைக் கருங்கல் நண்பர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.