பாசப்பிணைப்பு: ஒரே வினாத்தாள் எல்லா வயதுக்கும் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் பார்த்த பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, 'எங்கள் பிள்ளைக்குப் பாசப்பிணைப்பு குறைவாம்' என்று கலங்கி வரும் பெற்றோரைச் சேலத்தில் அடிக்கடி பார்க்கிறோம். நெருங்கியவரை நம்பி ஒட்டியிருக்கும் உறவே பாசப்பிணைப்பு; வயதுக்கு வயது அதன் அளவுகோல் மாறும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரை உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த சோதனை முறையே இன்றும் அடிப்படை. பழகாத அறை, சில பொம்மைகள், தாய், முன்பின் தெரியாத ஒரு பெண். மொத்தம் 8 கட்டங்கள். பெரும்பாலானவை 3 நிமிடம். தாய் இருமுறை வெளியே போய்த் திரும்புவார். குழந்தை தேம்பினால் பிரிவைச் சுருக்கிவிட வேண்டும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தாய் திரும்பி வரும் நேரத்தை: கை நீட்டி வருகிறதா, தூக்கியதும் அடங்கிப் பொம்மைக்குப் போகிறதா, முகத்தைத் திருப்புகிறதா, இடுப்பில் இருந்தபடியே உதைத்து முறுக்குகிறதா. போகும்போது அழவில்லை என்பதற்காகப் 'பாசமில்லை' என்று எழுதுவது பெரும் பிழை. ஏற்காடு எஸ்டேட் காப்பகத்தில் ஆயாவிடம் பழகிய பிள்ளை அழாமல் இருக்கலாம். அம்மாவை விட்டு நகராத பிள்ளை வீறிட்டு அழலாம். தாயை அரிதாகவே பிரியும் ஜப்பானியக் குழந்தைகள் இதே சோதனையில் மிகவும் கலங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தறி வேலைக்குப் போகும் வீடுகளில் அம்மாயி (அம்மாவின் அம்மா) வளர்த்தால், அம்மாயியோடும் தனியே பார்க்க வேண்டும், ஆனால் வேறொரு நாளில். ஒரே நாளில் செய்தால் முதல் சோதனையின் கலக்கம் இரண்டாவதிலும் தொடரும். காய்ச்சல், பசி, தூக்கம் இருந்தால் அன்று வேண்டவே வேண்டாம்.

1 முதல் 5 வயது வரை வீட்டிலேயே சில மணி நேரம் கவனித்து, குழந்தையின் நடத்தைகள் எழுதிய 90 அட்டைகளை, எவ்வளவு பொருந்துகிறது என்று 9 அடுக்குகளாகப் பிரிக்கும் முறை உண்டு. நம் கூட்டுக்குடும்பங்களுக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

பெரியவர்களுக்கு 1998-இல் வந்த 36 கேள்விப் பட்டியல் பரவலானது: உறவை இழப்போமோ என்ற பதற்றத்துக்கு 18, நெருங்காமல் ஒதுங்கும் விலகலுக்கு 18, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சில கேள்விகள் எதிர்த்திசையில் இருக்கும். அவற்றைத் திருப்பாமல் கூட்டினால் ஒட்டி வாழ்பவரும் விலகி நிற்பவராகத் தெரிவார். சிறுவயது பற்றிய நேர்காணல் முறை வேறு. அதில் சொல்லும் விஷயத்தைவிடச் சொல்லும் விதத்தில் உள்ள கோர்வையே அளக்கப்படும். இரண்டின் முடிவுகளும் பெரிதாக ஒத்துப்போவதில்லை, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது.

மேற்படி 36 கேள்விகளும் துணையைப் பற்றியவை. கணவரை இழந்த மூதாட்டியிடம் அதை நீட்டுவது முறையல்ல. தாய், தந்தை, துணை, நண்பர் என உறவுக்கு 9 கேள்விகள் கொண்ட பட்டியல் இருக்கிறது; அவருக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். மகனோ மருமகளோ அறையில் இருக்க வேண்டாம்.

குழந்தை மனநல ஆலோசகர்கள் சிலர்,
சேலம்.