பொருள்: களைக்கொல்லி அடித்த நிலத்தில் மாட்டை என்றைக்கு மேயவிடுவது? (மூன்றாவது கடிதம்)

ஐயா,

வணக்கம். முதல் இரண்டு கடிதத்துக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அதோடு சரி.

நான் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் 2,4-டி மருந்தை அடித்தபின் கறவை மாட்டை எத்தனை நாள் கழித்து அவிழ்த்துவிடலாம்? டப்பாவில் அது அச்சாகியிருக்கும் இடத்தின்மேல் சலுகை ஸ்டிக்கரை ஒட்டிவைத்திருக்கிறீர்கள். நகத்தால் சுரண்டினேன், எழுத்தும் சேர்ந்தே உரிந்து வந்துவிட்டது.

போனில் ஒருவர் ஏழு நாள் என்றார். மறுநாள் இன்னொருவர், "ஒரு மழை பெய்யட்டும் சார்" என்றார். மூன்றாவது ஆள் நாற்பது நிமிடம் பாட்டு கேட்கவைத்துவிட்டு, "மாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். ஆன பிறகு உங்களைக் கூப்பிட்டு என்ன செய்ய?

மருந்து பட்டு வாடும்போது சில விஷச்செடிகளில் இனிப்பு ஏறும், வழக்கமாக மோந்துவிட்டுப் போகும் மாடுகூட அதைத் தின்றுவிடும். இது எனக்கே தெரியும். மருந்து விற்கிற உங்களுக்குத் தெரியாதா? பார்த்தீனியக் களையைத் தின்றால் பால் கசக்கும் என்றுதானே அதை ஒழிக்கக் கிளம்பினேன்!

உங்கள் களப் பணியாளரும் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. "பூத்துடுச்சே, முன்னாடியே அடிச்சிருக்கணும்" என்றார். பூக்கும் முன்பே அடிக்கத்தான் கேட்டேன், சரக்கு அனுப்பத் தாமதித்தது நீங்கள். புல் பிழைத்தது, சரி. ஊடே விதைத்திருந்த முயல் மசால் தீவனப் பயிர் முழுக்கக் கருகிவிட்டது. அகன்ற இலைச் செடிகளில் பெரும்பாலானவற்றை இந்த மருந்து கொல்லும், பயறு வகைத் தீவனமும் அதில் அடக்கம் என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா? பண்ணையே நாசமாய்ப் போனது. பதினெட்டு நாளாக மாடுகள் கட்டுத்தறியில் கத்துகின்றன.

அந்த மூன்றாவது ஆளின் குரல் இன்னும் காதில் நிற்கிறது. அவர் பேசியதை நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. ஆனால் ஏழு நாளுக்குள் மேய்ச்சல் இடைவெளி எத்தனை நாள் என்று எழுத்து மூலம் பதிலும், மசால் விதைக்கான இழப்பீடும் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் வேளாண் துறைக்கும் போவேன். அந்த ஸ்டிக்கரும் சாட்சிக்கு வரும், பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன்.

டப்பாவின் படம், தொகுதி எண், ரசீது நகல் இணைத்துள்ளேன். தயவுசெய்து போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்