மகளுக்கு, நாவல் விஷயமாக

ராயபுரம்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. "போர் நாவல்னு சொல்றீங்க, கடைசி வரைக்கும் கதாநாயகன் ஒரு எதிரியைக்கூடப் பார்க்கலையேப்பா" என்று போனில் கேட்டாய். ஒரு விமானியை நாயகனாக்கினால் விறுவிறுப்பாக இருக்கும் என்றும் சொன்னாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் வருகிறது.

கப்பலுக்கு வேறு பெயர் வைத்திருந்தாலும் அது நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த்தான் என்று உனக்குத் தெரியும். 1971-ல், பாகிஸ்தானோடு போர் வந்தபோது, அதன் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது. மேல்தளத்திலிருந்து ஸீ ஹாக் விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபல்ட்டுக்கும் அதே நீராவிதான் வேண்டும். டிசம்பர் 4-ம் தேதி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்க விமானங்கள் கிளம்பின. கீழே பாய்லர் அறையில் எங்களுக்கு வானமும் தெரியாது, கடலும் தெரியாது. பிரஷர் முள் சட்டென்று இறங்கும். ஒரு விமானம் போய்விட்டது என்று அர்த்தம். உடனே தீயைக் கூட்டி முள்ளை ஏற்ற வேண்டும், மேலே அடுத்தது காத்திருக்கும். போனவர்கள் திரும்பினார்களா என்பதை எங்கள் பணிமுறை முடிந்து மேலே வந்துதான் விசாரிப்போம். நான் பார்த்த போர் இவ்வளவுதான் அம்மா. பார்க்காததை எப்படி எழுதுவேன்?

காசிமேட்டில் லாஞ்சு ஓட்டும் நம் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று அறிந்தவன். சண்டை எப்போது வரும் என்று அவன் கேட்கவே இல்லை. "முள்ளு ஏறுச்சா இல்லையாண்ணே?" என்றுதான் கேட்டான்.

காஸி அத்தியாயம் நீளம் என்றாய். அந்தப் பாகிஸ்தான் நீர்மூழ்கி எங்களைத் தேடித்தான் கராச்சியிலிருந்து வங்காள விரிகுடாவுக்கு வந்தது. நாங்கள் அந்தமான் பக்கம் இருந்தோம். ராஜ்புத் என்ற பழைய கப்பல், தானே விக்ராந்த் என்பதுபோல வயர்லெஸ்ஸில் பேசி அதை விசாகப்பட்டினம் பக்கம் இழுத்தது. 3-ம் தேதி நள்ளிரவை ஒட்டி காஸி 93 பேரோடு மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடும் இன்னும் வேறு வேறு சொல்வதால் நாவலிலும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதற்குள்ளும் இன்ஜின் பார்த்தவன் ஒருவன் இருந்திருப்பான். அவனுக்கும் வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது. அவனுக்கு அத்தனை பக்கம் கொடுத்தது வேண்டுமென்றேதான்.

நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது 9-ம் தேதி, தியூ அருகே. இறந்தவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். அதன் கேப்டன் முல்லா கப்பலோடு போனதை நாடு பேசுகிறது, பேசத்தான் வேண்டும். அந்த 176 பேரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? என்னோடு பயிற்சி எடுத்த ஒருவனும் அதில் போனான். கதாநாயகனுக்கு வைத்திருப்பது அவன் பெயர்தான்.

லோனாவ்லா பயிற்சிப் பகுதியை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள். சந்திப்பிழையெல்லாம் நீயே திருத்து. கதாநாயகனை மட்டும் மேல்தளத்துக்கு ஏற்றச் சொல்லாதே. பொங்கலுக்கு வரும்போது பிரதியைக் கொண்டு வா. அம்மா மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா