பாகு வெள்ளத்தில் வேடிக்கை இல்லை

ஆசிரியருக்கு,

வரலாற்று விந்தைகளைத் தொகுப்பவர்கள், 1919 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மொலாசஸ் (சர்க்கரை தயாரிப்பில் மிஞ்சும் கெட்டிப் பாகு) தொட்டி உடைந்து 21 பேர் இறந்ததை வேடிக்கைச் செய்தியாகவே எழுதுகிறார்கள். அது பச்சையான கட்டுமானக் கோளாறு.

தொட்டியின் உயரம் 15 மீட்டர், விட்டம் 27 மீட்டர். உள்ளே சுமார் 87 லட்சம் லிட்டர் பாகு. மொலாசஸ் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது. அந்த அழுத்தத்துக்கு எஃகுத் தகடுகளின் தடிமன் போதவில்லை. கட்டி முடித்ததும் விளிம்புவரை நீர் நிரப்பிச் சோதித்திருக்க வேண்டும். ஊற்றியதோ வெறும் 6 அங்குலம்! பிறகு இணைப்புகளில் ஒழுகியபோது, கசிவு கண்ணில் படாதபடி தொட்டிக்குப் பழுப்பு வண்ணம் பூசினார்கள்.

பாகு மெல்லத்தானே ஊரும்? கரண்டியிலிருந்து வழியும்போது சரி. அவ்வளவு உயரத்திலிருந்து மொத்த எடையும் ஒரே நேரத்தில் சரிந்தால் பிசுபிசுப்பு அதைத் தடுக்காது. அலை மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. அடுத்து, குளிரில் அது கெட்டியானதால் சிக்கியவர்களை வெளியே இழுப்பதே பெரும்பாடானது. தெருக்களைக் கழுவ தீயணைப்புப் படகுகள் கடல்நீரைப் பீய்ச்சின.

யாரோ வெடிகுண்டு வைத்துவிட்டதாகத் தொட்டிக்குச் சொந்தமான நிறுவனம் வாதாடியது. 1925-இல் தீர்ப்பு நிறுவனத்தின் மீதே பொறுப்பைச் சுமத்தியது.

இப்படிக்கு,
வாசகர்