மீனாவின் குழந்தை பற்றி

அன்புள்ள செல்வி,

உன் மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை. அதனால்தான் இத்தனை நாள் கடிதமே போடவில்லை.

அண்ணன் மகள் மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். மற்றது தெரியாது. நிறைமாதம், நல்ல எடை, பிறந்ததும் அழுதாள், பாலும் குடித்தாள். மறுநாள் பார்க்கப் போனால், வலது கை மட்டும் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்தது. கண் ஒரு பக்கமாகவே நின்றது. "குளிருது போல" என்றார் அண்ணி. பச்சைக் குழந்தைக்குக் கைகால் நடுங்குவது சகஜம், பிடித்தால் நின்றுவிடும். பிடித்துப் பார்த்தேன். என் உள்ளங்கைக்குள்ளேயே துடித்தது. ஃபிட்ஸ்தான்.

உடனே நீ "ஏன்?" என்பாய். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டவளாயிற்றே! இந்த விஷயத்தில் உன் கேள்விதான் சரியான கேள்வி. நிறைமாதக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 1 முதல் 3 பேருக்கு வலிப்பு வருகிறது. பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்து போவதுதான் முதல் காரணம். அப்படிப்பட்ட குழந்தைகளை எங்கள் வார்டில் 72 மணி நேரம் உடல் சூடு 33.5 டிகிரி செல்சியஸில் இருக்கும்படி குளிர்வித்து வைப்போம். சர்க்கரை, கால்சியம் இறங்கினாலும் வரும். மூளைக்காய்ச்சல், இரத்தக்கசிவு, அபூர்வமாக மரபணுக் கோளாறு என்று இன்னும் பல. இவளுக்குக் குதிகாலில் குத்தி முதலில் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. கால்சியமும் சரி, தொற்றும் இல்லை. எம்ஆர்ஐயில் தெரிந்தது: மூளையின் இடப்பக்க இரத்தக்குழாயில் அடைப்பு. பெரியவர்களுக்கு வருமே, அதே ஸ்ட்ரோக்.

நஞ்சுக்கொடியிலிருந்து நழுவிய சிறு இரத்தக்கட்டியாக இருக்கலாம் என்றார் டாக்டர். பல குழந்தைகளில் இன்னதென்று உறுதியாகச் சொல்லவே முடிவதில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் சும்மா இருந்தார்களா? "மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே, எங்கே வழுக்கினே" என்று அந்தப் பெண்ணைத் துளைத்தெடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம்! அவள் செய்த எதனாலும் இது வரவில்லை, செல்வி. நீயும் அவளிடம் இதைச் சொல்ல வேண்டும்.

ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து போட்டதும் கை நின்றது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். மூளையின் மின்னலைகளைக் காட்டும் இஇஜி திரையில் மட்டும் கோடு துள்ளிக்கொண்டே இருந்தது. இந்த வயதில் பாதிக்கு மேல் வலிப்பு கண்ணுக்கே தெரியாது. மருந்து கொடுத்த பிறகு உடம்பு அடங்கி, மூளையில் மட்டும் ஓடும். இன்னொரு டோஸுக்குப் பிறகுதான் அதுவும் நின்றது. வீட்டுக்கு அனுப்புமுன் மருந்தையே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் சண்டைக்குப் போய்விட்டார். இப்படித் திடீர்க் காரணத்தால் வந்து அடங்கிய வலிப்புக்கு மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்றுதான் 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது என்று நான் விளக்கிய பிறகே அடங்கினார்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். வலிப்பு நின்றது, மருந்தும் நின்றது, ஆகவே எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். பின்னால் குழந்தை எப்படி வளரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வலிப்பு இல்லை, அதன் காரணம். கால்சியம் குறைந்து வந்திருந்தால், சரிசெய்த பிறகு அநேகமாக மற்ற பிள்ளைகள் போலவே வளரும். மூச்சுத்திணறலில் மூளை ரொம்பப் பாதித்திருந்தால் கைகால் அசைவைக் கெடுக்கும் பெருமூளை வாதம், வளர்ச்சித் தாமதம், பின்னால் வலிப்பு நோய் என்று வரக்கூடும். இவள் நடுவில் நிற்கிறாள்.

போன வாரம் மீனா வீடியோ அனுப்பினாள். ஐந்து மாதக் குழந்தை, அத்தனை சிரிப்பு! கிலுகிலுப்பையை வலப்பக்கம் நீட்டினாலும் இடது கைதான் குறுக்கே வந்து பிடுங்குகிறது. வலது கை மூடியே கிடக்கிறது, கட்டைவிரல் உள்ளே மடங்கி. "தாத்தா மாதிரி இடக்கைக்காரி" என்று வீடே கொண்டாடுகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை சின்ன வயதில் குழந்தை இப்படி ஒரே கையைத் தேர்ந்தெடுப்பது வழக்கமில்லை, செல்வி. ஒரு கையையே விரும்பினால் மறு கை பலவீனமாக இருக்கலாம் என்று அர்த்தம்.

இதற்கு வழி இருக்கிறது. நல்ல கைக்குத் தினமும் கொஞ்ச நேரம் சின்ன உறை மாட்டி, பலவீனமான கையால் விளையாட விடுவார்கள். மூளைக்கும் கைக்குமான நரம்புப் பாதை உறுதிப்படும் மாதங்கள் இவை; இப்போது தொடங்குவதற்கு ஈடே கிடையாது. பேச்சைப் பற்றி அவ்வளவு பயமில்லை. இந்த வயதில் இடப்பக்கம் அடிபட்டால் வலப்பக்கம் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். பள்ளிக்குப் போகும்போது கவனம், கணக்கு இவற்றில் தடுமாறலாம். அதுவரை விடாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் செக்கப்புக்கே போகவில்லை. "நல்லா இருக்கிற குழந்தையை ஏன் நோயாளி ஆக்குறீங்க" என்கிறார் மாப்பிள்ளை. நான் சொன்னால் நர்ஸ் அத்தை பயமுறுத்துகிறாள் என்கிறார்கள். மீனா உன்னிடம் படித்தவள். இன்றும் "செல்வி டீச்சர்" என்றால் எழுந்து நிற்பாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தனியாக இருப்பாள், அப்போது பேசு. ஸ்ட்ரோக் என்று தொடங்காதே. வலது கையில் பொம்மை கொடுத்துப் பார்த்தாயா என்று கேள். மற்றதை அவளே சொல்வாள். நியூரோ டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குள் பேசிவிடுடி.

உன்,
சுமதி