முட்டையிட்டால் பாலூட்டி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேத்தி இங்கே தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் அவளுடைய அறிவியல் பயிற்சி நூலில் 'பாலூட்டிகள் எல்லாம் குட்டி போடும் - சரியா, பிழையா?' என்று ஒரு கேள்வி. பிழை என்று எழுதியிருக்கிறாள். நூலின் பின்பக்க விடையில் சரி என்று இருந்ததால் மதிப்பெண் போய்விட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "பாட்டி, பிளாட்டிபஸ் முட்டைதானே போடும்?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து டிவியில் பார்த்த பிராணி அது, வாத்து மாதிரி அலகும் உடம்பெல்லாம் மயிரும் உள்ளது. அன்றிலிருந்து எனக்கும் அதன்மேல் தனிப் பிரியம், கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். பிள்ளை எழுதியதுதான் சரி.

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்து ஆறுகளிலும் தாஸ்மேனியாவிலும் இயற்கையாக வாழும் பிராணி இது. தாய் ஆற்றங்கரையில் வளை தோண்டி, பெரும்பாலும் 2 முட்டை இட்டு, வாலை மடக்கி வயிற்றோடு அணைத்தபடி சுமார் 10 நாள் அடைகாக்கும். பொரித்து வெளியே வருகிற குட்டிக்குப் பால்தான் ஆகாரம். ஆனால் தாய்க்கு மடிக்காம்பு கிடையாது, வயிற்றுத் தோலிலிருந்தே பால் கசியும். நான் ரப்பர் தோட்டத்தில் 30 வருஷம் பால்மரம் வெட்டியவள். விடியற்காலையில் பட்டையைச் சீவினால் பால் உடனே ஓடிவராது, வெட்டின கோடு நெடுகப் பொட்டுப் பொட்டாக வெள்ளையாய்த் துளிர்த்து, அப்புறம்தான் ஒன்றுசேர்ந்து மங்குக் கிண்ணத்துக்கு இறங்கும். அந்தத் தாயைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பட்டைதான் கண்முன் வந்தது.

பாலூட்டி என்ற சொல்லை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பாலை ஊட்டுவதுதான் அதில் இருக்கிறது, குட்டி போடுவது எங்கே இருக்கிறது?

இதைப் பெரிய படிப்பாளிகளே ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. 1799இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஷா என்பவர் இதன் பாடம் செய்த தோலைப் பார்த்து, யாரோ வாத்தின் அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். முட்டையிடும் என்று அந்த மண்ணின் பழங்குடி மக்கள் சொன்னார்கள், பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1884இல் வில்லியம் கால்டுவெல் நேரில் கண்டு சொன்ன பிறகுதான் சண்டை ஓய்ந்தது. ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடவுள் மிச்சம் மீதியை ஒட்டிப் படைத்த பிராணி என்று பேசுகிறார்களே, அது தப்பு. அந்த அலகு வாத்து அலகு மாதிரி கெட்டியானது இல்லை, மெத்தென்ற தோல் மூடியது. மின்சாரத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் அதில் சுமார் 40,000 இருக்கின்றன. தண்ணீருக்குள் போனதும் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு, இறாலும் புழுவும் அசையும்போது அவற்றின் தசையில் எழும் மெல்லிய மின்சாரத்தை வைத்தே இரையைப் பிடித்துவிடும். சின்ன வயதில் தோட்டத்து ஆற்றில் மழைக்கலங்கலில் கையால் துழாவி மீன் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய வித்தை என்று!

முட்டையிட்டுப் பால் கொடுக்கும் இனங்கள் இன்று உலகத்திலேயே மொத்தம் 5தான். இது ஒன்று, மற்ற 4 முள் போர்த்திய எக்கிட்னா இனங்கள். வறட்சியாலும் அணைகளாலும் பிளாட்டிபஸ் பல ஆறுகளில் குறைந்து வருகிறது. சிட்னிக்குத் தெற்கே ஒரு தேசியப் பூங்காவில் பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்ததை 2023இல் மறுபடி கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

பயிற்சி நூல் போடுகிறவர்கள் அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும். 'எல்லாம்' என்பதை எடுத்துவிட்டு 'பெரும்பாலும்' என்று போட்டால் போதும். உங்கள் மாணவர் பக்கத்திலும் ஒரு வாரம் பிளாட்டிபஸ் படத்தைப் பெரிதாகப் போடுங்கள், என் பேத்தி வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்